பழைய சின்னக் கார்களில் தானியங்கி சீட் பெல்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் 1980-களின் கடைசியிலும் 1990-களின் முதல் பாதியிலும் விற்ற சின்னக் கார்கள் பலவற்றில் ஒரு விசித்திரமான பெல்ட் இருக்கும். கதவைச் சாத்தி சாவியைத் திருப்பினால் தோள் பெல்ட் தானாக நகர்ந்து வந்து மார்பின் குறுக்கே உட்காரும். அந்தக் கார்களில் மிச்சம் இருப்பவை இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. அப்படி ஒன்றை வைத்திருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் கேட்பவை இங்கே. அவசரத்தில் இருப்பவர்கள் நான்காவது கேள்வியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

தானியங்கி பெல்ட் என்றால் சரியாக என்ன?

உட்காருபவர் எதுவும் செய்யாமலே அவரைப் பிடித்துக்கொள்ளும் பெல்ட். இரண்டு வகை உண்டு.

ஒன்று மோட்டார் பெல்ட். கதவுச் சட்டத்தின் மேல் ஓரத்தில் ஒரு தண்டவாளம் ஓடும். தோள் பெல்ட்டின் மேல் நுனி அதில் சறுக்கும் ஒரு சின்ன வண்டியில் மாட்டப்பட்டிருக்கும். கதவு திறந்திருக்கும்போது அது முன் கண்ணாடிப் பக்கம் நிற்கும். சாத்தி சாவியைப் போட்டதும் மோட்டார் முனகிக்கொண்டே அதைப் பின்னால் இழுத்துவந்து தோளுக்குப் பக்கத்தில் நிறுத்தும். பெல்ட்டைச் சுருட்டி வைக்கும் ரீட்ராக்டர் இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்கும்.

இன்னொன்று கதவு பெல்ட். இதில் மோட்டார் கிடையாது. பெல்ட்டின் வெளி நுனி கதவிலேயே பொருத்தப்பட்டிருக்கும். எப்போதும் மாட்டியபடியே விட்டுவிட்டு, கதவைத் திறந்ததும் விரியும் பெல்ட்டுக்கு அடியில் புகுந்து உட்கார வேண்டும் என்பது திட்டம். நடைமுறையில் அப்படிப் புகுந்து உட்கார்ந்தவர்கள் குறைவு. பெரும்பாலானவர்கள் பக்கிளைக் கழற்றி, சாதாரண பெல்ட் மாதிரிதான் பயன்படுத்தினார்கள்.

கையால் மாட்டும் நல்ல பெல்ட் இருக்கும்போது இது எதற்கு வந்தது?

மக்கள் மாட்டவில்லை என்பதால். இடுப்பும் தோளும் சேர்ந்த மூன்று முனை பெல்ட்டை வோல்வோவின் நில்ஸ் போலின் வடிவமைத்து 1959-லேயே கார்களில் வந்துவிட்டது. அமெரிக்காவிலும் 1968 முதல் புதிய கார்களில் பெல்ட் கட்டாயம். ஆனால் காரில் பெல்ட் இருக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொன்னது. அதை மாட்டச் சொல்லி அங்கே சட்டம் இல்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1970-லேயே பெல்ட் போடுவதைக் கட்டாயமாக்கியது. அமெரிக்காவில் அப்படி முதலில் செய்த மாநிலம் நியூயார்க். அது நடைமுறைக்கு வந்தது 1984 டிசம்பரில்.

இடையில் இயந்திரத்தை வைத்தே மக்களை வழிக்குக் கொண்டுவரப் பார்த்தார்கள். 1974 மாடல் கார்களில் முன் சீட்டில் இருப்பவர்கள் பெல்ட் போடாவிட்டால் இன்ஜினே ஸ்டார்ட் ஆகாது. பக்கத்து சீட்டில் மளிகைப் பையை வைத்தால், அதற்கும் பெல்ட் மாட்டினால்தான் வண்டி நகரும். ஜனங்கள் கொதித்துப்போனார்கள். அதே ஆண்டு இறுதிக்குள் நாடாளுமன்றம் இந்த ஏற்பாட்டைக் கட்டாயமாக்கக் கூடாது என்று சட்டம் போட்டதோடு நிற்கவில்லை. பெல்ட் நினைவூட்டும் ஒலியும் 8 விநாடிக்கு மேல் ஒலிக்கவேண்டும் என்று விதி போடக்கூடாது என்றது.

அப்புறம்தான் "அவர்கள் மாட்டாவிட்டால் என்ன, தானாக மாட்டிக்கொள்ளட்டும்" என்ற யோசனை வலுத்தது. உட்காருபவர் எதுவும் செய்யாமலே அவரைக் காக்கும் ஏற்பாடு காரில் இருக்க வேண்டும் என்ற தானியங்கி பாதுகாப்பு விதியை 1981-ல் ரீகன் அரசு ரத்து செய்தது. அப்படிக் காரணம் சொல்லாமல் ரத்து செய்ய முடியாது என்று 1983-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1984-ல் போக்குவரத்துத் துறைச் செயலர் எலிசபெத் டோல் புதிய விதியைக் கொண்டுவந்தார். 1987 மாடலில் 10 சதவீதக் கார்கள், அடுத்த ஆண்டு 25, அதற்கடுத்து 40, பிறகு 1989 செப்டம்பர் முதல் தயாராகும் எல்லாக் கார்களிலும் தானியங்கி பாதுகாப்பு இருக்க வேண்டும். ஏர்பேக் வைத்தாலும் சரி, தானியங்கி பெல்ட் வைத்தாலும் சரி.

அந்த விதியில் ஒரு வேடிக்கையான பிரிவும் உண்டு. நாட்டின் மக்கள்தொகையில் மூன்றில் இரண்டு பங்கை உள்ளடக்கும் அளவு மாநிலங்கள் 1989 ஏப்ரலுக்குள் பெல்ட் கட்டாயச் சட்டம் போட்டுவிட்டால் தானியங்கி விதி கைவிடப்படும். அதனால் கார் நிறுவனங்களே மாநிலம் மாநிலமாகப் போய் பெல்ட் சட்டத்துக்கு ஆதரவு திரட்டின. சட்டங்கள் வந்தன, ஆனால் டோல் விதித்த நிபந்தனைகள் அத்தனையையும் நிறைவேற்றும்படி வரவில்லை. தானியங்கி விதி தங்கிவிட்டது.

எந்தெந்தக் கார்களில் இருக்கும்?

முன்னோடி, 1975 மாடலில் வந்த ஃபோக்ஸ்வாகன் ராபிட். கதவில் பொருத்திய தோள் பெல்ட், முழங்காலுக்கு ஒரு தடுப்பு, அவ்வளவுதான். மோட்டார் பெல்ட்டை முதலில் கொண்டுவந்தது 1981 டொயோட்டா கிரெஸிடா. ஆனால் விதி கட்டாயமானபோது அதிகம் சிக்கியவை சின்னக் கார்கள்தான். காரணம் காசு. விலை குறைந்த காரில் ஏர்பேக் வைத்தால் லாபம் கரையும். தண்டவாளமும் மோட்டாரும் அதைவிட மலிவு. ஃபோர்டு எஸ்கார்ட், நிசான் சென்ட்ரா, சாட்டர்ன் போன்றவற்றில் மோட்டார் பெல்ட். ஜியோ மெட்ரோ, செவர்லே கோர்சிகா போன்றவற்றில் கதவு பெல்ட். 1991-ல் வந்த சட்டம் 1998 மாடல் முதல் கார்களின் முன் சீட் இரண்டுக்கும் ஏர்பேக்கைக் கட்டாயமாக்கியது. தானியங்கி பெல்ட்டுக்கு அத்தோடு வேலை முடிந்தது. இடைப்பட்ட சில மாடல்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக்கும் கூடவே மோட்டார் பெல்ட்டும் இருப்பதைப் பார்க்கலாம்.

தோள் பெல்ட் தானாக வந்துவிடுகிறது. இடுப்பு பெல்ட்டையும் நான் போட வேண்டுமா?

கட்டாயம் போட வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயம் மனதில் நிற்க வேண்டும் என்றால் அது இதுதான்.

மோட்டார் பெல்ட் கார்களில் தானாக வருவது தோள் பகுதி மட்டும். இடுப்பு பகுதி தனி பெல்ட். சீட்டின் பக்கவாட்டில் சுருண்டு கிடக்கும். அதைக் கையால் இழுத்துத்தான் மாட்ட வேண்டும். மார்பின் குறுக்கே ஒரு பெல்ட் வந்து உட்கார்ந்ததும் "சரி, மாட்டியாச்சு" என்று மூளை கணக்கை முடித்துவிடுகிறது. அதனால் இடுப்பு பெல்ட்டை மறந்தே போனவர்கள் ஏராளம். போடவேண்டும் என்று தெரியாமலேயே பல வருடம் ஓட்டியவர்களும் இருக்கிறார்கள்.

இடுப்பு பெல்ட் இல்லாமல் நேருக்கு நேர் மோதினால் நடப்பது இது. தோள் பெல்ட் மேல் உடம்பைப் பிடித்துக்கொள்கிறது. இடுப்பைப் பிடிக்க எதுவும் இல்லை. அது சீட்டில் வழுக்கி முன்னால் போகிறது. உடம்பு கீழே இறங்க இறங்க, மார்பில் இருந்த பெல்ட் கழுத்துக்கு ஏறுகிறது. கழுத்து முறிவு, தாடை முறிவு, விலா எலும்புகளுக்கு அடியில் இருக்கும் கல்லீரல் கிழிவது என்று மருத்துவர்கள் பதிவு செய்த காயங்கள் இந்த வழியில் வந்தவை. உயிரிழப்புகளும் உண்டு. வண்டி உருண்டாலோ பக்கவாட்டில் இடிபட்டாலோ இன்னும் மோசம்: ஒற்றைத் தோள் பெல்ட்டிலிருந்து உடம்பு நழுவி வெளியே போக முடியும்.

பிறகு எப்படி இதற்கு அனுமதி கிடைத்தது என்று கேட்கலாம். விதியின் சோதனை முன்பக்க மோதல்: மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதும்போது, சீட்டில் உட்கார வைத்த ஆள் வடிவச் சோதனைப் பொம்மையின் தலை, மார்பு, தொடை எலும்பு ஆகியவற்றில் விழும் விசை ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும். உட்காருபவர் எதுவும் செய்யாத நிலையில் இது தேற வேண்டும். டேஷ்போர்டின் அடியில் முழங்காலைத் தாங்க ஒரு தடுப்பு வைத்தால், இடுப்பு பெல்ட் இல்லாமலே பொம்மை தேறிவிடும். தேர்வுக்குத் தேவையான அளவு மட்டும் படித்த வடிவமைப்பு இது என்பது என் கருத்து. சாலையில் நடக்கும் விபத்துகள் அந்த ஒரு கேள்வியோடு நிற்பதில்லை.

இடுப்பும் தோளும் சேர்ந்த பெல்ட், காரின் முன் சீட்டில் இருப்பவர் இறக்கும் ஆபத்தை சுமார் 45 சதவீதம் குறைக்கிறது என்பது அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் தரும் கணக்கு. அந்தப் பலன் இரண்டும் சேர்ந்த பெல்ட்டுக்கு. பாதி பெல்ட்டுக்கு அல்ல.

முழங்கால் தடுப்பு இருக்கிறதே, அது இடுப்பைப் பிடிக்காதா?

சரியான உயரமுள்ளவர் சரியான இடத்தில் உட்கார்ந்து, மோதலும் நேராக இருந்தால் ஓரளவு உதவும். குள்ளமானவர், சீட்டைப் பின்னால் தள்ளி உட்காருபவர், சீட்டைச் சாய்த்துப் படுப்பவர் ஆகியோருக்கு அந்தத் தடுப்பு எட்டாத தூரத்தில் இருக்கும். குறிப்பாகப் பயணி சீட்டைச் சாய்த்துத் தூங்குவது இந்தக் கார்களில் மிக ஆபத்து. பெல்ட் மார்பைத் தொடாமல் காற்றில் நிற்கும்.

இடுப்பு பெல்ட்டை எந்த இடத்தில் கட்ட வேண்டும்?

வயிற்றில் கட்டக்கூடாது. இரண்டு பக்கமும் கைக்குத் தட்டுப்படும் இடுப்பு எலும்புகளுக்குக் கீழாக, தொடை தொடங்கும் இடத்தை ஒட்டி. மாட்டியபின் மிச்சத் தளர்வை இழுத்து இறுக்குங்கள். எலும்பு தாங்கும், குடல் தாங்காது. தடிமனான கோட்டு போட்டிருந்தால் அதை விலக்கிவிட்டு அடியில் கட்டுங்கள்.

கர்ப்பிணிகளுக்கும் இதே விதிதான், இன்னும் கண்டிப்பாக: இடுப்பு பெல்ட் வயிற்றுக்குக் கீழே, தோள் பெல்ட் மார்பகங்களுக்கு நடுவில் வந்து வயிற்றின் பக்கவாட்டில் இறங்க வேண்டும். தோள் பெல்ட் மட்டும் போட்டுக்கொண்டு போவதும், "வயிறு அமுங்கும்" என்று பெல்ட்டே போடாமல் போவதும் தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து.

சின்னக் கார் என்பதால் பெல்ட்டின் முக்கியத்துவம் கூடுமா?

கூடும். இரண்டு காரணம்.

முதலாவது எடை. 900 கிலோ கார் ஒன்றும் 1,800 கிலோ கார் ஒன்றும் தலா 50 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதுவதாக வைத்துக்கொள்வோம். கனமான கார் தள்ளிக்கொண்டு போகும். லேசானது பின்னுக்குத் தள்ளப்படும். கணக்குப் போட்டால் பெரிய காரின் வேகம் சுமார் 33 கிலோமீட்டர் மாறுகிறது. சின்னக் காரின் வேகம் 67 கிலோமீட்டர் மாறுகிறது. அடி ஒன்றுதான், சின்னக் காரில் இருப்பவருக்கு இரண்டு மடங்கு.

இரண்டாவது, மூக்கு நீளம். முன்பக்கம் நசுங்கும் தூரத்தில்தான் வேகம் கரைகிறது. சின்னக் காரில் அந்தத் தூரம் குறைவு. 70 கிலோ ஆள் ஒருவர் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து அரை மீட்டரில் நின்றால், அவர் உடம்பைப் பிடித்து நிறுத்தச் சராசரியாக 1,400 கிலோ எடைக்கு இணையான விசை வேண்டும். பெல்ட் போட்டவர் காரோடு சேர்ந்து அந்தத் தூரத்தைப் பயன்படுத்திக்கொள்கிறார். போடாதவருக்கு அந்த அரை மீட்டர் கிடைப்பதே இல்லை: கார் நின்றபிறகும் அவர் அதே வேகத்தில் போய், ஸ்டீயரிங்கிலோ கண்ணாடியிலோ சில சென்டிமீட்டரில் நிற்கிறார். 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். கையை ஊன்றித் தடுத்துக்கொள்வேன் என்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்கலாம்.

கதவு பெல்ட் உள்ள காரில், விபத்தில் கதவு திறந்துகொண்டால்?

பெல்ட்டும் கதவோடு போகும். இந்த வடிவமைப்பின் பெரிய பலவீனம் அதுதான். அதனால் இந்தக் கார்களில் கதவின் பூட்டும் கீலும் பெல்ட்டின் பாகங்கள் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். கதவு தொங்கிப்போய், தூக்கிச் சாத்த வேண்டிய நிலையில் இருந்தால் அதை அழகுப் பிரச்சினையாக விடாதீர்கள். பூட்டின் கொக்கி, எதிரே கம்பத்தில் இருக்கும் வளையம், கீல் பக்கத்துத் துரு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டும்போது கதவை உள்ளே பூட்டி வைப்பது நல்லது.

மோட்டார் நின்றுவிட்டது. பெல்ட் முன்னாலேயே மாட்டிக்கொண்டது. ஓட்டலாமா?

பெல்ட் முன் கண்ணாடி ஓரத்தில் நிற்கும்போது அது உங்களைப் பிடிக்காது. இடுப்பு பெல்ட்டை மட்டும் போட்டு, பழுது பார்க்கும் இடம் வரை மெதுவாகக் கொண்டுபோகலாமே தவிர, அப்படியே மாதக்கணக்கில் ஓட்டுவது தற்கொலை வேலை.

முதலில் ஃபியூஸைப் பாருங்கள். அது சரியாக இருந்தால், கதவு திறந்திருக்கிறதா என்று சொல்லும் சுவிட்ச். அது தேய்ந்துபோனால், கதவு இன்னும் திறந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பெல்ட் முன்னாலேயே நிற்கும். அடுத்து, தண்டவாளத்தின் இரு கோடியிலும் இருக்கும் சுவிட்சுகள். கடைசியாக, தண்டவாள வண்டியை இழுக்கும் பல் வைத்த பிளாஸ்டிக் நாடா. பல் உடைந்தால் மோட்டார் மட்டும் சுற்றும், பெல்ட் அசையாது, சத்தத்திலேயே தெரியும். தண்டவாளத்தில் பழைய கிரீஸும் தூசியும் சேர்ந்து இறுகினாலும் மோட்டார் திணறும். கூரை ஓரத் துணி தொங்கி அந்தத் தண்டவாள வண்டியில் சிக்குவதும் நடக்கிற சங்கதிதான்.

பெல்ட்டைப் பின்னால் கொண்டுவந்து, அங்கேயே மோட்டார் இணைப்பைத் துண்டித்து நிறுத்திவிடுபவர்கள் பலர். அதன்பின் தோள் பக்கத்தில் இருக்கும் அவசர பக்கிளைக் கையால் மாட்டிக் கழற்றுகிறார்கள். தண்டவாள வண்டி பின் கோடியில் முழுமையாகப் பூட்டி நிற்கும் மாடலில் இது ஓடும். பூட்டாமல் நடுவழியில் நின்றால் மோதலில் முன்னால் நகரும், அதை நம்ப முடியாது. எப்படி இருக்கிறது என்பதை அந்த மாடலின் சர்வீஸ் கையேட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒரு சின்ன எச்சரிக்கை: சாவி போட்டபடியே கதவைத் திறந்து குனிந்தால் நகரும் பெல்ட் கன்னத்தில் உரசும், கண்ணாடியைத் தட்டிவிடும். கையில் காபியோடு ஏறுபவர்கள் இதைச் சீக்கிரமே கற்றுக்கொள்வார்கள்.

விபத்தில் தீப்பிடித்தாலோ தண்ணீரில் விழுந்தாலோ மோட்டார் பெல்ட்டிலிருந்து எப்படி வெளியே வருவது?

மின்சாரம் போனால் பெல்ட் முன்னால் நகராது. அதற்குத்தான் தோளுக்கு மேல், தண்டவாள வண்டிக்குப் பக்கத்தில் ஒரு அவசர பக்கிள் இருக்கிறது. அதை அழுத்தினால் தோள் பெல்ட் கழன்றுவிடும். ஓட்டுநர் மட்டுமல்ல, கூட வருபவருக்கும் அது எங்கே என்று முதல் தடவை ஏறும்போதே காட்டிவிடுங்கள். இருட்டில் தேடும் பொருள் அல்ல அது.

பெல்ட் போட்டால் சிக்கிக்கொள்வோம், போடாவிட்டால் வெளியே தூக்கி எறியப்பட்டுத் தப்பிப்போம் என்ற பேச்சு பழையது, தவறானது. தீயும் தண்ணீரும் விபத்துகளில் மிகச் சிறு பங்கு. அவற்றிலும் மயங்காமல் இருப்பவர்தான் பக்கிளைக் கழற்ற முடியும்; அவரை மயங்காமல் வைத்திருப்பது பெல்ட். வெளியே எறியப்படுபவர் தார்ச்சாலையிலும் மரத்திலும் விழுகிறார், சில சமயம் தன் கார் உருண்டு வரும் பாதையிலேயே.

பெல்ட்டை மெல்ல இழுத்தால் வந்துகொண்டே இருக்கிறது. கெட்டுவிட்டதா?

இல்லை, அப்படித்தான் வர வேண்டும். ரீட்ராக்டர் இரண்டு விதத்தில் பூட்டும். பெல்ட்டை வெடுக்கென்று இழுத்தால் பூட்டும் அமைப்பு பலவற்றில் உண்டு. இன்னொன்று வண்டியின் வேகம் சட்டென்று குறைவதை உணர்வது. உள்ளே ஒரு குண்டோ ஊசலோ நகர்ந்து பல்லைப் பூட்டும். பழைய கார்கள் சிலவற்றில் இரண்டாவது மட்டுமே இருக்கும். அப்படிப்பட்ட பெல்ட்டை நின்ற காரில் எவ்வளவு வேகமாக இழுத்தாலும் பூட்டாது.

அதைச் சோதிக்க, ஆளில்லாத காலி மைதானத்தில் மணிக்கு 10 முதல் 15 கிலோமீட்டரில் போய் பிரேக்கை அழுத்தமாக மிதியுங்கள். பெல்ட் உடனே பிடிக்க வேண்டும். உடம்பை வேண்டுமென்றே முன்னால் எறிய வேண்டாம். பிடிக்கவில்லை என்றால் அந்த ரீட்ராக்டரை மாற்ற வேண்டும். எண்ணெய் விட்டுச் சரிசெய்யும் பொருள் அல்ல. எண்ணெய் விட்டால் தூசி ஒட்டி இன்னும் கெடும்.

பெல்ட் எப்போதும் கொஞ்சம் லூசாக நிற்கிறது. இழுத்துவிட்டால் அங்கேயே நிற்கிறது.

1970, 80-களின் அமெரிக்கக் கார்கள் பலவற்றில் வேண்டுமென்றே வைத்த வசதி அது. ஜன்னல் திரையைச் சற்று இழுத்துவிட்டால் அங்கேயே நிற்பதுபோல, பெல்ட்டும் தளர்ந்து நிற்கும். மார்பில் அழுத்துகிறது என்ற புகாரைத் தீர்க்கச் செய்தது. ஆனால் ஒருவர் சாய்ந்து ரேடியோவைத் திருகிவிட்டு நிமிர்ந்தால், தெரியாமலே ஒரு சாண் தளர்வு சேர்ந்துவிடும். அந்தத் தளர்வு முழுக்க உடம்பு தடையில்லாமல் முன்னால் போகும் தூரம். மார்புக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் இடம் இருக்கக் கூடாது. பெல்ட்டைச் சற்று இழுத்து விட்டால் மீண்டும் இறுகிக்கொள்ளும்.

பக்கிள் சில நேரம் மாட்டுவதில்லை.

1986 முதல் 1991 வரையிலான ஜப்பானியக் கார் என்றால் சிவப்புப் பொத்தானை டார்ச் அடித்துப் பாருங்கள். டகாட்டா நிறுவனம் செய்த பக்கிள்களில் பொத்தானின் பிளாஸ்டிக் வெயிலில் நொறுங்கி, துணுக்குகள் உள்ளே விழுந்து பூட்டைத் தடுத்தன. 1995-ல் அமெரிக்காவில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை இதற்காகத் திரும்ப அழைத்தார்கள். பொத்தானின் ஓரத்தில் வெடிப்பு, உள்ளே குலுக்கினால் கலகலவென்று சத்தம், மாட்டியபின் இழுத்தால் கழன்றுவருவது: இதில் எது இருந்தாலும் பக்கிளை மாற்றுங்கள். காரின் அடையாள எண்ணை (VIN) சொன்னால் அந்த வேலை அப்போது நடந்ததா என்று டீலர் பார்த்துச் சொல்ல முடியும்.

காசும் மிட்டாயும் விழுந்து அடைத்த பக்கிள் தனி ரகம். எடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

பெல்ட்டின் நாடா பழையதாகிவிட்டது. எப்போது மாற்ற வேண்டும்?

ஆண்டுக் கணக்கு எதுவும் இல்லை, நிலையைப் பாருங்கள். முழு நீளத்தையும் வெளியே இழுங்கள். எப்போதும் சுருளுக்குள் கிடக்கும் பகுதி பழைய நிறத்தில் இருக்கும். வெயில் படும் பகுதி வெளுத்திருக்கும். லேசான வெளுப்பு பரவாயில்லை. விறைத்துப்போய், விரலால் மடித்தால் கரகரவென்று இருந்தால் மாற்ற வேண்டும். ஓரம் பிசிறியிருப்பது, வெட்டு, தையல் விட்டது, சிகரெட் சுட்ட ஓட்டை எல்லாமே மாற்றக் காரணம்.

தோள் பெல்ட் வளைந்து போகும் வளையத்தில் பிளாஸ்டிக் உருகி இழுபட்ட தடம், நாடாவில் அலை அலையாகச் சுருக்கம் இவை தெரிந்தால், அந்தப் பெல்ட் ஏற்கனவே ஒரு விபத்தைப் பார்த்துவிட்டது. நாடா விபத்தில் நீண்டு கொடுத்து விசையை வாங்குகிறது. ஒருமுறை நீண்டது அடுத்த தடவை அதே மாதிரி வேலை செய்யாது. பெரிய மோதலுக்குப் பிறகு பெல்ட்டை முழு செட்டாக மாற்ற வேண்டும்.

அழுக்குக்கு மென்மையான சோப்பும் தண்ணீரும் போதும். பிளீச்சும் சாயமும் நாரைக் கெடுக்கும். முழுதாகக் காயும்வரை சுருளுக்குள் விடாதீர்கள்.

பின் சீட்டில் இடுப்பு பெல்ட் மட்டும்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் காரின் பின் சீட் ஓரங்களில் தோள் பெல்ட் கட்டாயமானது 1989 டிசம்பரில்தான். அதற்கு முந்தைய காரில் இடுப்பு பெல்ட் மட்டும் இருப்பது சகஜம். ஒன்றும் இல்லாததற்கு அது மேல். ஆனால் வயிற்றில் ஏறிக் கட்டியிருந்தால் மோதலில் உடம்பு அதன் மேல் கத்திரிபோல் மடங்கி, குடலும் முதுகெலும்பும் காயப்படும். தாழ்வாக, இறுக்கமாக. சில மாடல்களில் தோள் பெல்ட் மாட்டுவதற்கான துளை பின் கம்பத்தில் மூடி போட்டு விட்டிருப்பார்கள். அப்படி இருந்தால் அந்த மாடலுக்கான பெல்ட்டை வாங்கிப் பொருத்தலாம். துளை இல்லாத இடத்தில் நாமே ஓட்டை போட்டுப் பொருத்துவது வேண்டாத வேலை.

குழந்தை சீட்டை இந்தக் கார்களில் எங்கே வைப்பது?

பின் சீட்டில். முன்னால் நகரும் பெல்ட்டும் கதவோடு திறக்கும் பெல்ட்டும் குழந்தை சீட்டைப் பிடித்து வைக்க ஏற்றவை அல்ல. கதவைத் திறக்கும்போதெல்லாம் கட்டு தளர்ந்தால் என்ன பயன்? பின் சீட்டின் இடுப்பு பெல்ட் பழைய கார்களில் குழந்தை சீட்டுக்கு நன்றாகவே ஒத்துவரும். மூன்று முனை பெல்ட்டாக இருந்து, சாதாரணமாக இழுத்தால் தளர்ந்துகொண்டே வந்தால், குழந்தை சீட்டோடு வரும் இரும்பு கிளிப்பைப் பக்கிள் நாக்கிலிருந்து இரண்டரை சென்டிமீட்டருக்குள் போட்டு இறுக்க வேண்டும். நன்றாக மாட்டிய சீட்டை அடிப்பகுதியில் பிடித்து ஆட்டினால் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் அசையக் கூடாது. குழந்தை சீட்டுக்கான தனிக் கொக்கிகளை இந்தக் கார்களில் தேட வேண்டாம். அவை 2002 வாக்கில்தான் கட்டாயமாயின.

உயரம் கூட்டும் பூஸ்டர் சீட்டை இடுப்பு பெல்ட்டோடு மட்டும் பயன்படுத்தக் கூடாது. அதற்குத் தோள் பெல்ட் அவசியம்.

எனக்கு ஏர்பேக் உள்ள மாடல். பெல்ட் கட்டாயமா?

ஆம். அந்தக் காலத்து ஏர்பேக்குகள் பெல்ட் போடாத பெரியவரையும் தடுக்கும் கணக்கில் முரட்டு வேகத்தில் விரியும். பெல்ட் இல்லாதவர் பிரேக் அடிக்கும்போதே முன்னால் நகர்ந்துவிடுவார். பை விரியும் நேரத்தில் முகம் அதன் மேலேயே இருக்கும். மார்புக்கும் ஸ்டீயரிங் நடுவுக்கும் குறைந்தது 25 சென்டிமீட்டர் இடைவெளி வைத்து உட்காருங்கள். ஏர்பேக் உள்ள முன் சீட்டில் பின்னோக்கிப் பார்க்கும் கைக்குழந்தை சீட்டை எந்தக் காரணத்துக்காகவும் வைக்காதீர்கள்.

தானியங்கி பெல்ட்டைக் கழற்றிவிட்டு சாதாரண மூன்று முனை பெல்ட் போட்டுக்கொள்ளலாமா?

ஆசை நியாயமானது. கனடாவில் தானியங்கி விதி இல்லை. அதே மாடல்கள் பல அங்கே சாதாரண பெல்ட்டோடு விற்றன. அந்தப் பாகங்களைத் தேடிப்பிடித்து மாற்றியவர்கள் இருக்கிறார்கள். சிக்கல் இரண்டு. அமெரிக்கச் சட்டப்படி பழுதுபார்க்கும் நிறுவனங்களும் டீலர்களும் விதிப்படி பொருத்திய பாதுகாப்புக் கருவியைச் செயலிழக்கச் செய்யக் கூடாது; அதனால் பல ஒர்க்‌ஷாப்கள் கைவைக்க மாட்டார்கள். அடுத்து, நடுக்கம்பத்தில் அந்தப் பெல்ட்டைத் தாங்கும் வலுவான துளை இருக்க வேண்டும். மேலே மட்டும் திருகி, தகட்டில் தொங்கவிட்ட பெல்ட் முதல் மோதலில் பிடுங்கிக்கொண்டு வரும்.

கழற்றிய பழைய பெல்ட்டை உடைந்த கார் கிடங்கில் வாங்குவதும் அப்படித்தான். அது எந்த விபத்திலிருந்து வந்தது என்று விற்பவருக்கே தெரியாது.

மொத்தத்தில் இப்படிப்பட்ட காரை வாங்கலாமா?

வேறு வழி இருந்தால், இரண்டு ஏர்பேக்கும் மூன்று முனை பெல்ட்டும் உள்ள 1998-க்குப் பிந்தைய காரை வாங்குங்கள். அதே விலைக்கு அப்படி ஒன்று கிடைக்கும்போது மோட்டார் பெல்ட் காரை எடுக்க, ஆசையைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆசைதான் என்றால், வாங்கும் முன் இரண்டு பக்கக் கதவையும் ஐந்தாறு முறை திறந்து மூடி, பெல்ட் முழுத் தூரமும் போய் வருகிறதா என்று பாருங்கள். பாதியில் தயங்கினால் விலையைக் குறைத்துப் பேசுவதைவிட விட்டுவிடுவது மேல். புது உதிரி பாகம் கிடைப்பது அரிது. அப்புறம் சீட்டுக்குப் பக்கத்தில் கையை விட்டு இடுப்பு பெல்ட்டை வெளியே இழுங்கள். முந்தைய உரிமையாளர் அதைத் தொட்டதே இல்லை என்றால் சுருளிலிருந்து வர அடம்பிடிக்கும், தூசி கொட்டும். அதைத் துடைத்து, முழுக்க இழுத்து, மாட்டிப் பார்த்துவிட்டு வண்டியை ஓட்டிப் பாருங்கள்.